25,000 ரூபாயில் செகண்ட் ஹேண்ட் பேஸ்: கிட்டாருக்கு எவ்வளவு, ஆம்ப்புக்கு எவ்வளவு?

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது, பேஸ் கிட்டாரும் (பாட்டுக்கு அடி ஸ்வரம் தரும் தடித்த கம்பி கிட்டார்) அதன் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்பும் வேண்டும் என்று கடைக்குப் போனால் முதலில் எடுத்து வைப்பது புது ‘பேக்’ ஆகத்தான் இருக்கும். கிட்டார், 10 அல்லது 15 வாட் ஆம்ப், கேபிள், ஸ்ட்ராப், பை எல்லாம் ஒரே அட்டைப்பெட்டிக்குள். அதே பணத்துக்கு ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் தேடினால், யாரோ மூன்று நான்கு வருடம் வாசித்த யமஹாவோ ஸ்குவயரோ கிடைக்கும். இன்னொருவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கும் சின்ன ஆம்ப்பும் கூடவே மாட்டும். இந்த இரண்டில் எது என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். யோசிக்க வேண்டியது அடுத்த கேள்விக்கு: அந்தப் பணத்தைக் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் எப்படிப் பிரிப்பது?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேஸ் வாசிப்பவர்களில் பலர், கிட்டார் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஆம்ப்பை நல்லதாக வாங்கு என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. அங்கே ஒரு சின்ன மதுக்கூடத்தில் நான்கு பேர் வாசித்தால், மேடையில் இருக்கும் அந்த ஒரு ஆம்ப்பிலிருந்துதான் பேஸ் கடைசி நாற்காலி வரை போயாக வேண்டும். நம் ஊரில் சர்ச் ஆனாலும், கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரி ஆனாலும், காலேஜ் கல்ச்சுரல்ஸ் ஆனாலும் பேஸ் நேராக மிக்சருக்குப் போகிறது. மைக் செட்காரர் அடுக்கி வைத்திருக்கும் பாக்ஸ் வழியாகத்தான் கூட்டத்துக்குக் கேட்கிறது. மேடையில் உங்களுக்கென்று ஓர் ஆம்ப் இருந்தால் அது உங்கள் காதுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிரம்மருக்கும்தான். மீதி நேரம் அப்பார்ட்மெண்டில், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அளவு சத்தத்தில் பழகப் போகிறீர்கள். அதனால்தான் முக்கால் பங்கைக் கிட்டாரில் போடச் சொல்கிறேன்.

புது பேக்கில் அப்படி என்ன குறை? பார்க்க நன்றாகவே இருக்கும். செலவைக் குறைப்பதெல்லாம் கண்ணில் படாத இடங்களில்: ஃப்ரெட் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) முனைகளை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை, நட்டில் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) கம்பி உட்காரும் பள்ளத்தின் ஆழம், ட்யூனிங் கீ, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்). நட்டில் பள்ளம் போதிய ஆழம் இல்லையென்றால் முதல் இரண்டு ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தவே விரல் வலிக்கும். பேஸ் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு மாதத்தில் மூலையில் சாத்திவிடுபவர்கள் நிறையப் பேர். அவர்கள் சாத்திய கிட்டார்கள்தான் கொஞ்ச நாளில் ‘லைக் நியூ, ஒருமுறைகூட வாசிக்கவில்லை’ என்று விளம்பரத்துக்கு வருகின்றன. பழையது வாங்குகிறேன் என்று இதில் போய் விழ வேண்டாம். வாசித்துத் தேய்ந்த நல்ல கிட்டார், வாசிக்காத மட்டமான கிட்டாரைவிட மேல்.

நம் ஊர் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வருபவை கொஞ்சம் பெயர்கள்தான்: யமஹா ஆர்பிஎக்ஸ் 170, அதற்குப் பின் வந்த டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் 200, ஸ்குவயர் அஃபினிட்டி, கோர்ட் ஆக்‌ஷன். யமஹாவில் கவர்ச்சி கொஞ்சம் குறைவு. ஆனால் ஒரே மாடலில் பத்துக் கிட்டாரை எடுத்தாலும் பத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். நேரில் போய்ப் பார்க்க முடியாமல் வாங்க நேர்ந்தால் நான் யமஹாவைத்தான் நம்புவேன். ஐபனெஸ் நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீளக் கழுத்து) மெலிதானது, உடம்பும் லேசு. கை சிறியதாக இருப்பவர்களுக்கும் ஆறு கம்பி கிட்டாரிலிருந்து பேஸுக்கு மாறுபவர்களுக்கும் பிடித்துப்போகும். ஸ்குவயரில் ஒன்றுக்கொன்று தரம் மாறும். அதனால் கையில் எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். அதே ஸ்குவயரில் கிளாசிக் வைப் வரிசை உங்கள் பட்ஜெட்டுக்குள் எப்போதாவது வந்தால் மறுநாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

கோர்ட் என்றால் பெயர் தெரியாத கம்பெனி என்று பலர் ஒதுக்குகிறார்கள். விற்பவர்களும் அதனால் விலையைக் குறைத்தே போடுகிறார்கள். கோர்ட் கொரியக் கம்பெனி, தொழிற்சாலை இந்தோனேசியாவில். ஐபனெஸும் ஸ்குவயரும் தங்கள் கிட்டார்களில் ஒரு பங்கை அங்கேதான் செய்து வாங்குகின்றன. ஸ்குவயர் சீரியல் எண் ‘ஐசிஎஸ்’ என்று தொடங்கினால் ஏதோ வெள்ளைக்காரன் காலத்துப் பரீட்சை பாஸ் செய்தது என்று நினைக்க வேண்டாம். இந்தோனேசியா, கோர்ட், ஸ்குவயர் என்று பொருள். அடுத்து வரும் இரண்டு இலக்கம் ஆண்டு. விற்பவர் ‘போன வருஷம்தான் சார் வாங்கினேன்’ என்று சொல்லும்போது அந்த இரண்டு இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்ஸ்டாக்கில், அதாவது ட்யூனிங் கீ இருக்கும் தலைப்பகுதியில், ஸ்குவயரின் தாய்க் கம்பெனியான ஃபெண்டரின் பெயரைப் போட்டிருந்து, விலை மட்டும் ஸ்குவயர் விலையாக இருந்தால் அது பெரும்பாலும் ஸ்டிக்கர் ஃபெண்டர்தான்.

சரி, எந்த வகை? லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்தது 1951-ல். 1957-ல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்து வைத்தார்கள். ஜாஸ் பேஸ் 1960-ல் வந்தது. இன்று சந்தையில் இருக்கும் மலிவு பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் வாரிசுகள். பிரெசிஷனில் ஒரே பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன். நெக் கொஞ்சம் அகலம். ஜாஸில் இரண்டு பிக்கப், நெக் நட் அருகே குறுகி 38 மில்லிமீட்டர்தான் இருக்கும், சத்தத்தில் வகைவகையாக மாற்றலாம். ‘பிஜே’ என்பது முன்னால் பிரெசிஷன் பிக்கப், பின்னால் ஜாஸ் பிக்கப் வைத்த கலப்பு; டிஆர்பிஎக்ஸ் 174-ம் ஜிஎஸ்ஆர் 200-ம் அந்த ரகம்.

முதல் பேஸ் என்றால் நான் பிரெசிஷன் அல்லது பிஜே பக்கம். காரணம் நம் வீட்டு வயரிங். ஜாஸ் பேஸின் ஒவ்வொரு பிக்கப்பும் ஒற்றைச் சுருள். இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். ஒன்றைக் குறைத்த உடனே ‘உம்ம்’ என்று தொடங்கிவிடும். எர்த் சரியில்லாத வீட்டிலும், ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையிலும், டிம்மர் போட்ட லைட்டுக்குப் பக்கத்திலும் அது சாதாரணத் தொல்லை அல்ல. பிரெசிஷனின் இரண்டு துண்டு பிக்கப், அமைப்பிலேயே இரைச்சலை அடக்கும். ஒரே பிக்கப்பில் என்ன வாசித்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் ஒருவர் போதும். டெட்ராய்ட்டின் மோடவுன் பாடல்களுக்கு அவர் வாசித்தது பெரும்பாலும் ஒரு 1962 பிரெசிஷனில், வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால், லேசில் மாற்றாத பழைய ஃபிளாட்வூண்ட் (மேற்பரப்பு தட்டையாகச் சுற்றிய) கம்பிகளோடு.

ஆக்டிவ் பேஸ் வேண்டுமா? உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய ஈக்யூ இருக்கும், அடி ஒலியையும் உச்ச ஒலியையும் கிட்டாரிலேயே கூட்டிக்கொள்ளலாம். டிஆர்பிஎக்ஸ் 304 அப்படிப்பட்டது. புதிதாக வாங்கும்போது நல்ல வசதி. பழையதில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை. கேபிளைச் செருகி வைத்தாலே பேட்டரி தீர ஆரம்பிக்கும். பல மாதம் பையிலேயே கிடந்த கிட்டாரில் பேட்டரி கசிந்து, பச்சை பூத்து, போர்டு வரைக்கும் அரித்திருக்கும். பழைய மாடலுக்கு அந்தப் போர்டு கிடைக்காது. ஆக்டிவ் பேஸைப் பார்க்கப் போவதென்றால் புது 9 வோல்ட் பேட்டரி ஒன்றைச் சட்டைப் பையில் எடுத்துப் போங்கள். ‘பேட்டரி டவுன், அதான் சவுண்ட் வரலை’ என்பதுதான் விற்பவரிடமிருந்து அடிக்கடி வரும் பதில்.

ஐந்து கம்பியா நான்கு கம்பியா என்பது இங்கே வேறு எந்த ஊரையும்விடச் சூடான சண்டை. சர்ச்சில் பாடகருக்கேற்ப டி, இ பிளாட் என்று ஸ்ருதி மாறிக்கொண்டே இருக்கும். இப்போதைய சினிமாப் பாடல்களில் சிந்த் பேஸ் (கீபோர்டில் உருவாக்கும் பேஸ் ஒலி) நாலாவது கம்பிக்கும் கீழே இறங்குகிறது. ஐந்தாவதாக இருக்கும் பி கம்பி 31 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், நான்கு கம்பி பேஸின் இ 41 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். தேவை நியாயமானதுதான். ஆனால் மலிவு ஐந்து கம்பி பேஸ்களில் அந்த பி தொளதொளவென்று ஆடி, எந்த ஸ்வரம் என்றே தெரியாமல் முனகும். இந்த பட்ஜெட்டில் நான்கு கம்பிதான் என் கட்சி. தேவைப்படும் பாட்டுக்கு இ கம்பியை டி-க்கு இறக்கிக்கொள்ளலாம். வாராவாரம் சர்ச்சில் வாசிப்பவர் மட்டும் ஐந்து கம்பியைத் தேடலாம், அதுவும் பி கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்தி வாசித்து, பக்கத்து இ கம்பியைத் திறந்து வாசிப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு. இரண்டும் ஒரே ஸ்வரம்தான். ஒன்று தெளிவாகவும் மற்றது குழைந்தும் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கு 30 இன்ச் ஷார்ட் ஸ்கேல் நல்லது. வழக்கமான நீளம் 34 இன்ச். ஷார்ட் ஸ்கேலுக்கான கம்பி எல்லாக் கடையிலும் இருக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்கும்போது நேரத்தையெல்லாம் நெக்கில் செலவிடுங்கள். பெயிண்ட், பாலிஷ், கீறல் எதுவும் கணக்கில்லை. தச்சர் பலகையைப் பார்ப்பது போல ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகள் முடியும் இடம்) வரை நோக்குங்கள். நெக்கின் இரண்டு ஓரங்களும் ஒரே சீராக ஓட வேண்டும். ஓர் ஓரம் மேலேறி மறு ஓரம் இறங்கினால் அது முறுக்கிக்கொண்ட நெக். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்தது வளைவு. இ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு விசிட்டிங் கார்டு கனம், அதாவது மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இருந்தால் நலம். அதைவிட நிறைய இருந்தால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது.

வளைவு குற்றமல்ல, சரிசெய்யக்கூடியதுதான். நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி அதற்காகத்தான் இருக்கிறது. சென்னையில் கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நெக் கொஞ்சம் நகர்வது இயல்பு. கேட்க வேண்டியது, அந்த ராட் இன்னும் திரும்புகிறதா என்பதுதான். விற்பவரையே ஆலன் கீ போட்டுக் கால் சுற்று திருகிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே முழுக்க முறுக்கி வைத்தும் வளைவு நிமிரவில்லை என்றால் அந்தக் கிட்டாரின் ஆயுள் முடிந்தது. ‘ஆலன் கீ இல்லையே சார்’ என்பார்கள். நீங்களே ஒரு செட் எடுத்துப் போகலாம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், யமஹாவும் ஐபனெஸும் மில்லிமீட்டர் அளவு கேட்கும்.

பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, நிதானமாக, ஆம்ப் இல்லாமல் வாசித்துப் போங்கள். ஐந்து நிமிட வேலை. விற்பவர் செல்போனைப் பார்க்க ஆரம்பிப்பார், பரவாயில்லை. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கரகரத்தால் செட்டப்பில் (நெக் வளைவு, கம்பி உயரம் எல்லாம் சரிசெய்வது) சரியாகிவிடும். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் கரகரத்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறது, அல்லது அந்த ஃப்ரெட்டே தேய்ந்திருக்கிறது. ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் சட்டென்று செத்துப்போவது ஃபெண்டர் அமைப்புள்ள பேஸ்களில் பரவலாக இருக்கும் சங்கதி. லட்ச ரூபாய் பேஸிலும் உண்டு. அதைச் சொல்லி விலை குறைக்கலாம், கிட்டாரை ஒதுக்க வேண்டியதில்லை.

நாப் திருப்பும்போது கரகரப்பு, ஆடும் ஜாக், துருப்பிடித்த கம்பி, காணாமல் போன ஸ்க்ரூ இவையெல்லாம் உங்களுக்குச் சாதகம். காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பாதி நாப்கள் சரியாகும். மீதிக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பொட்டென்ஷியோமீட்டரும் ஜாக்கும் சில்லறைக் காசு. பேரம் பேசும்போது மட்டும் பெரிய குறையாகச் சொல்லுங்கள்! விரல் பலகை ரோஸ்வுட் என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்பவர்களும் உண்டு. இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான். 2017-ல் அந்த மரக் குடும்பம் முழுவதற்கும் உலக வணிகக் கட்டுப்பாடு வந்தபோது சில கம்பெனிகள் லாரல், பாவ் ஃபெர்ரோ என்று வேறு மரங்களுக்குப் போயின. 2019-ல் முழுமையான இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சத்தத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது; அதற்காக ஒரு ரூபாயும் கூட்ட வேண்டாம்.

இனி ஆம்ப். இங்கே நான்கு வழிகள் இருக்கின்றன, நான்காவதை யாரும் முதலில் யோசிப்பதில்லை.

முதல் வழி 15 முதல் 25 வாட் வரையிலான பிராக்டிஸ் ஆம்ப். ஃபெண்டர் ரம்பிள் 25, லேனி ஆர்பி 1, ஹார்ட்கி எச்டி 25 போன்றவை. ஸ்பீக்கர் எட்டு இன்ச். எட்டு இன்ச் ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை அப்படியே ஒலிக்க முடியாது. நீங்கள் கேட்பது அதன் இரண்டாம் மடங்கு 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும்தான். அடி ஸ்வரத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. படுக்கையறைக்கு இது தாராளமாகப் போதும். டிரம்ஸ் வந்து உட்கார்ந்தால் போதாது.

இரண்டாவது வழி 40 முதல் 100 வாட் வரை. ரம்பிள் 40-ல் பத்து இன்ச் ஸ்பீக்கர், எடை எட்டுக் கிலோ சொச்சம். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி ரிகர்சலுக்குப் போய்விடலாம், அது பெரிய விஷயம். வாட் கணக்கில் ஏமாற வேண்டாம். 20 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குப் போனால் சத்தம் இரு மடங்காகாது, 3 டெசிபெல் கூடும், அவ்வளவுதான். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் தேவை. டிரம்மருடன் மிக்சர் இல்லாமல் வாசிக்க 100 வாட்டுக்குக் குறைந்து யோசிக்க வேண்டாம்.

மூன்றாவது, பழைய ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் விற்கும் 15 இன்ச் ஸ்பீக்கர் வைத்த பெரிய பெட்டிகள், பீவி போன்றவை. சத்தம் அடிவயிற்றில் கேட்கும். எடை 30 கிலோவைத் தொடும், ஆட்டோ இல்லாமல் நகராது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இங்கேயே விட்டுவிடலாம். இவற்றிடம் ஒரு நல்ல குணம் உண்டு: உள்ளே இருப்பது பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் சாதாரண டிரான்சிஸ்டர்களும், தெருமுனை டெக்னீஷியனே திறந்து பார்த்துச் சரிசெய்துவிடுவார். புதிய லேசான ஆம்ப்களில் எல்லாம் பொடிப்பொடிப் பாகங்கள் ஒட்டிய ஒரே போர்டு. போனால் போர்டு மாற்ற வேண்டும், கிடைத்தால்.

நான்காவது, ஆம்ப்பே வாங்காமல் விடுவது. ஜூம் பி1 ஃபோர் போன்ற பேஸுக்கான சிறிய எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்று, காதை மூடும் ஹெட்போன் ஒன்று. பழையது 4,000 முதல் 6,000 வரை விளம்பரங்களில் கண்ணில் படுகிறது. டிரம் ரிதம், ட்யூனர் எல்லாம் உள்ளேயே. செல்போனில் பாட்டைப் போட்டு ஆக்ஸ் வயரில் இணைத்து, கூடவே வாசிக்கலாம். நம் பாடல்களில் பேஸை உற்றுக் கேட்டுப் பழக இதைவிட நல்ல வழி இல்லை. இளையராஜாவுக்கு சசிதரன் வாசித்த பேஸையும், ரஹ்மானுக்குக் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்றே தெரிந்திருக்காது. கச்சேரி என்றால் அதே பெட்டியிலிருந்து டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக மிக்சர். ஹாஸ்டல், அப்பார்ட்மெண்ட், வாடகை வீடு என்று இருப்பவர்களுக்கு என் தேர்வு இதுதான். புளூடூத் ஸ்பீக்கரையும் புளூடூத் ஹெட்போனையும் மட்டும் மறந்துவிடுங்கள். கம்பியைத் தட்டிக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வரும், தாளம் உருப்படாது.

வீட்டிலேயோ சர்ச்சிலேயோ கீபோர்ட் ஆம்ப் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். அடி ஸ்வரம் தாங்கும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. லீட் கிட்டார் ஆம்ப் அப்படி அல்ல. மெல்லிய சத்தத்தில் பிழைக்கும், கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும்.

பழைய ஆம்ப்பைச் சோதிக்கக் கூடவே உங்கள் கேபிளும் ஒரு லைன் டெஸ்டரும் கொண்டுபோங்கள். முதலில் பின் பக்கம். பிளக்கில் மூன்றாவது எர்த் முனை இருக்கிறதா? இரைச்சல் வருகிறதென்று அதை வெட்டி எடுத்தவர்கள் நம்மிடையே ஏராளம். அப்படிப்பட்ட ஆம்ப்பில் கிட்டாரை மாட்டிக்கொண்டு மைக்கில் வாய் வைத்தால் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. ஆம்ப் ஓடும்போது அதன் இரும்புப் பகுதியில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடிக் குழாய்க்குப் பதில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் அந்த ஆம்ப் ஏற்கெனவே ஒரு முறை எரிந்து, அதை யாரும் முறையாகச் சரிசெய்யவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஸ்பீக்கர். வலையைக் கழற்ற முடிந்தால் கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் சுருள் கோணியிருக்கிறது. ஒரிஜினல் ஸ்பீக்கர்தானா என்பதையும் பின்னால் இருக்கும் லேபிளில் சரிபாருங்கள். 8 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 4 ஓம் கார் ஊஃபரைப் போட்டிருந்தால் ஆம்ப் சூடாகி ஒரு நாள் நின்றுவிடும். கடைசியாக, திறந்த இ கம்பியைப் பாதி வால்யூமில் அடித்துவிட்டு அது அடங்கும் வரை கேளுங்கள்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது, மாமா ஜப்பானிலிருந்து அனுப்பியது என்று வரும் ஆம்ப்கள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் நல்ல காலம் இருந்தால் ஃபியூஸோடு போகும், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரே போகும். பின்னால் வோல்டேஜ் மாற்றும் சுவிட்சோ, ‘100–240’ என்ற எழுத்தோ இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்கி, அதையும் சுமக்க வேண்டும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போய்விடும். துபாய், சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலிருந்து வந்தவற்றில் இந்தப் பிரச்சினை இல்லை, பிளக் வடிவம்தான் சில இடங்களில் மாறும்.

விலையில் என் அளவுகோல் இது: நன்றாக வைத்திருக்கும் பேஸுக்கு இன்றைய புது விலையில் பத்தில் ஆறு பங்கு, கீறலும் கரகரப்பும் இருந்தால் பாதி. ஆம்ப்புக்கு எப்படியிருந்தாலும் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம், அதற்கு வயதாவது வேறு வேகத்தில். ஏப்ரல், மே மாதங்களில் கடைசி வருட மாணவர்கள் விற்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் எம்எஸ் படிக்க விமானம் ஏறுகிறவர்கள். இரண்டாவது கூட்டத்துக்கு டிக்கெட் தேதி இருப்பதால் பேரம் சுலபம்.

25,000-ஐ ஹாஸ்டல் மாணவர் எப்படிப் பிரிக்கலாம்? 16,000 வரை கிட்டார், 5,000-க்கு எஃபெக்ட்ஸ் பெட்டி. வாராவாரம் சர்ச்சில் வாசிக்கிறவர் 20,000-ஐயும் ஐந்து கம்பியிலேயே போட்டுவிட்டு, வீட்டில் பழக எதையாவது சின்னதாகப் பார்த்துக்கொள்ளலாம். நண்பர்களோடு மொட்டை மாடியில் டிரம்ஸ் வைத்து வாசிக்கப் போகிறவருக்கு மட்டும் என் முக்கால், கால் கணக்கு பொருந்தாது. அவர் 11,000-க்கு ஒரு கோர்ட் அல்லது பழைய ஆர்பிஎக்ஸ் எடுத்துக்கொண்டு மீதியை ஆம்ப்பில் போட வேண்டும்.

மூவருமே 3,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும், புதுக் கம்பிக்கும் செட்டப்புக்கும். பழைய கம்பியோடு வாசித்துப் பழக முடியாது; கடல் காற்றில் துருவேறிய கம்பி விரலையும் அறுக்கும், ஃப்ரெட்டையும் தின்னும். 45–100 கனத்தில் (இன்ச்சின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) நல்ல நிக்கல் ரவுண்ட்வூண்ட் செட் 2,000 ரூபாய் பக்கம் ஆகிறது. ஃபிளாட்வூண்ட் விலை அதிகம், வருடக்கணக்கில் தாங்கும், பழைய பாடல்களுக்கு அதன் மொத்தையான சத்தம் பொருத்தமாகவும் இருக்கும். கம்பி மாற்றிய கையோடு செட்டப் செய்யுங்கள்: முதலில் ட்ரஸ் ராட், அப்புறம் பிரிட்ஜில் கம்பியின் உயரம், கடைசியில் இண்டோனேஷன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியை லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சிறு கட்டையான சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், குறைந்தால் முன்னால்.